அழகு நிலையம் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

புதிதாக அழகு நிலையம் தொடங்க நினைக்கும் பெண்களிடம், கையில் உள்ள பணத்தை எதற்கெல்லாம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உள் அலங்காரம், கண்ணாடி, நாற்காலி, ஏசி, பெயர்ப்பலகை என்று மளமளவென்று பதில் வரும். தண்ணீருக்கு எவ்வளவு, கருவிகளைச் சுத்தம் செய்ய எவ்வளவு, முதல் ஆறு மாத வாடகைக்கு எவ்வளவு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வாடிக்கையாளரின் கண்ணில் படுவதற்கெல்லாம் பணம் போய்விடுகிறது. பார்லரைத் தாங்கி நிற்பதோ பெரும்பாலும் கண்ணில் படாத காரியங்கள். ஒரு வருடத்துக்குள் ஷட்டரை இறக்கிவிடும் கடைகளின் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தால், தவறு திறப்பு விழாவுக்கு முன்பே நடந்திருப்பது தெரியும்.

முதலில் இடம். மெயின் ரோட்டில் இருந்தால் போதும் என்ற நினைப்பு நம் சிறு நகரங்களில் அப்படியே செல்லுபடியாகாது. பக்கத்தில் டீக்கடை, எதிரே ஆட்டோ ஸ்டாண்டு, எந்நேரமும் பத்துப் பேர் நிற்கும் வாசல் என்றால், அங்கே படியேறிப் பேஷியல் செய்துகொள்ளப் பெண்கள் தயங்குவார்கள். முக்கிய வீதியிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி, துணிக்கடையோ தையல் கடையோ பள்ளிக்கூடமோ அருகில் உள்ள இடம் பல நேரங்களில் நன்றாக ஓடும். மாடி என்றால் படிக்கட்டை நீங்களே புடவையோடு ஏறிப் பாருங்கள். மணப்பெண் பட்டுப்புடவையும் நகையுமாக இறங்க வேண்டிய படி அது.

வீட்டுக்காரரிடம் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்வது அடுத்த பிழை. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும்: வாடகை எப்போது எவ்வளவு கூடும், காலி செய்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், சுவரில் துளையிட்டுக் குழாய் இழுக்க அனுமதி உண்டா. கடைசி விஷயத்தைப் பலரும் கேட்பதே இல்லை. தலை அலசும் தொட்டிக்குத் தண்ணீர் வரவும் வேண்டும், முடியோடு கலந்து வெளியேறவும் வேண்டும். முடி அடைக்கும் கழிவுநீர்க் குழாய்க்காக மாதந்தோறும் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டும் கடைகள் உண்டு.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஏராளமான ஊர்களில் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். வாடகை பேசுவதற்கு முன் அந்த இடத்துக் குழாயைத் திறந்து, கையில் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். நுரை எழாமல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்தால், உங்கள் ஷாம்பு செலவு இப்போதே கூடிவிட்டது என்று பொருள். அந்தத் தண்ணீரில் அலசிய முடி என்ன விலையுள்ள ஹேர் ஸ்பா செய்தாலும் தேங்காய் நார் போல விறைத்து நிற்கும். சாயம் பூசிய முடி சீக்கிரம் மங்கும். கீசரின் உள்ளே சுண்ணாம்பு படிந்து, தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், மின்கட்டணமும் ஏறும். வாடிக்கையாளர் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டார். உங்கள் கைவேலையைத்தான் குறை சொல்வார். தண்ணீரை மென்மையாக்கும் கருவியைத் தலை அலசும் குழாய்க்கு மட்டுமாவது பொருத்துங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் கருவி சுண்ணாம்பைத்தான் எடுக்கும், கடலோர ஊர்களின் உப்புக்கரிப்பை எடுக்காது. அங்கே தலை அலசுவதற்கென்று தனித் தொட்டி வைத்து நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றுவதைத் தவிர எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தச் செலவை மாதக் கணக்கில் முன்பே சேர்த்துவிடுங்கள்.

மின்சாரமும் இப்படித்தான். கீசர் ஒன்று 2,000 வாட், ஹேர் டிரையர் ஒன்று கிட்டத்தட்ட அதே அளவு, ஒன்றரை டன் ஏசி, ஸ்டீமர், வாக்ஸ் ஹீட்டர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் முகூர்த்த நாள் காலையைக் கற்பனை செய்து பாருங்கள். பழைய ஒருமுனை (சிங்கிள் பேஸ்) இணைப்பும் மெல்லிய ஒயரும் அதைத் தாங்காது. வீட்டின் முன்னறையில் தொடங்குகிறவர்கள் வீட்டு மின் இணைப்பிலேயே தொழிலை ஓட்டுவது இன்னொரு ஆபத்து. வணிகப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. ஆய்வுக்கு வந்து கண்டுபிடித்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

கடனில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. நகையை அடகு வைத்துக் கடையைத் திறந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அரசு மானியக் கடன் கேட்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் விதி, புதிய தொழிலுக்கு மட்டுமே மானியம் என்பது. ஏற்கெனவே திறந்த கடைக்குக் கிடைக்காது. அந்தத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை செலவுத் திட்டம் போடலாம். பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம் என்று வகுத்திருக்கிறார்கள். வரிசையை மாற்றிச் செய்ததால் மட்டும் இதை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு! இடம் பார்க்கும்போதே தொழில் மையத்துக்கும் போங்கள். அன்றைய நிலவரத்தில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது, எவ்வளவு நிதி இருக்கிறது என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிறிய தொகை போதுமென்றால் முத்ரா கடனில் 50,000 ரூபாய் வரையிலான சிசு பிரிவு இருக்கிறது; பிணை கேட்க மாட்டார்கள்.

மற்ற காகித வேலைகளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், தொழில் வரி, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சேவைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஏசிக்கும் நாற்காலிக்கும் நீங்கள் கட்டிய வரியை, அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியிலிருந்து இனிக் கழித்துக்கொள்ள முடியாது. பழைய கணக்கை வைத்து யாராவது திட்ட அறிக்கை எழுதித் தந்தால் கவனமாகப் பாருங்கள்.

அடுத்தது விலை. பக்கத்துப் பார்லரில் த்ரெட்டிங் 50 ரூபாய் என்றால் நாம் 40 என்று போடுவோம் என்பது கணக்கு ஆகாது. ஒரு சிறிய கடையை எடுத்துக்கொள்வோம்: வாடகை 15,000, இரண்டு பேருக்குச் சம்பளம் 24,000, மின்சாரமும் தண்ணீரும் 5,000, கடன் தவணை 6,000. மொத்தம் 50,000 ரூபாய். மாதம் 26 நாள் திறந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1,920 ரூபாய், கிரீமும் வாக்ஸும் வாங்குவதற்கு முன்பே, உங்கள் கைக்கு ஒரு ரூபாய் வருவதற்கு முன்பே. 50 ரூபாய் த்ரெட்டிங்கால் மட்டும் இதை எட்ட தினமும் 39 பேர் வர வேண்டும். 40 ரூபாய் என்றால் 48 பேர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு விலைப்பட்டியல் அச்சடியுங்கள். திறப்பு விழாவுக்குப் பாதி விலைச் சலுகை அறிவிப்பதையும் நான் ஆதரிப்பதில்லை. பாதி விலைக்கு வந்தவர் முழு விலையைக் கேட்டதும் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். முழு விலையின் மீதான மரியாதை முதல் வாரத்திலேயே போய்விடும்.

வரவும் மாதாமாதம் ஒரே சீராக வராது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணங்கள் மிகக் குறைவு. கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள ஊரில் தவக்காலத்தில் திருமணம் இருக்காது. முஸ்லிம்கள் அதிகமுள்ள ஊரில் ரம்ஜான் நோன்பு நாட்கள் அமைதியாகப் போய், பெருநாளுக்கு முந்தைய இரவு மெஹந்திக்குக் கூட்டம் தாங்காது. வெள்ளிக்கிழமை முடி வெட்டவோ நகம் வெட்டவோ பல வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள், செவ்வாயும் அப்படியே. வார விடுமுறையைச் செவ்வாயில் வைப்பது இதனால்தான். வைகாசியில் வந்த பணத்தைப் பார்த்துவிட்டு ஆனியில் புது சோபா வாங்கிய கடை, ஆடி மாதச் சம்பளத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்ட பிறகே உள் அலங்காரத்துக்கு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

இனி, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது: சுத்தம்.

த்ரெட்டிங் செய்யும் கையைக் கூர்ந்து பாருங்கள். நூலின் ஒரு முனை அழகுக்கலைஞரின் பல்லுக்கிடையில் இருக்கும். அந்த எச்சில் பட்ட நூல் வாடிக்கையாளரின் இமையை ஒட்டி ஓடும். முடி பிடுங்கிய இடத்தில் ஊசிமுனை அளவு ரத்தம் துளிர்க்கும். அதன் மேல் எல்லோருக்கும் பொதுவான டப்பாவிலிருந்து விரலால் எடுத்த கற்றாழை ஜெல்லைத் தடவுவார்கள். நூலைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு செய்யும் முறை இருக்கிறது. சில வாரப் பயிற்சியில் கை பழகிவிடும். ஜெல்லைச் சிறு கரண்டியால் எடுத்து வைத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை. வாக்ஸ் தடவிய குச்சியை மறுபடி டப்பாவுக்குள் விடாமல் இருப்பதும் அதே போன்ற பழக்கம்தான்.

நீல வெளிச்சம் எரியும் பெட்டிக்குள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டால் கிருமி போய்விட்டது என்று நம்புகிறார்கள். அந்த ஒளி நேராகப் படும் பக்கத்தில் மட்டும்தான் வேலை செய்யும். சுத்தம் செய்த கருவியை வைத்திருக்கும் இடமாக அதைப் பயன்படுத்தலாம், அவ்வளவே. உலோகக் கருவியைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகு, 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைக்கும் ஆட்டோகிளேவ்தான் உண்மையில் கிருமியைக் கொல்வது. பெயர்ப்பலகைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதிக்குச் சிறியதாக ஒன்று வாங்கலாம். பெடிக்யூர் தொட்டியை மேலோட்டமாகக் கழுவினால் போதாது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரே நகப் பராமரிப்பு நிலையத்துக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் ஆறாத கட்டிகள் வந்தன. கால் ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீரை இழுக்கும் சல்லடைக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் தோல் துணுக்கிலும் கிருமி வளர்ந்திருந்தது. வருவதற்கு முன் காலை மழித்துக்கொண்டவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சுழல்நீர்த் தொட்டி வாங்குவதற்குப் பதில், எளிதில் தேய்த்துக் கழுவிக் காயவைக்கக்கூடிய சாதாரணத் தொட்டியை வாங்குங்கள்.

தலை அலசும் நாற்காலியை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். கழுத்து அதிகமாகப் பின்னால் வளைந்து நெடுநேரம் அழுந்தினால், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் பாதிக்கப்பட்டுப் பக்கவாதம் வரக்கூடும் என்பது 1993-லேயே மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி. அரிதுதான். ஆனாலும் உயரம் மாற்றக்கூடிய நாற்காலியும் கழுத்துக்கு அடியில் மடித்த துண்டும் வேண்டும். தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள்.

சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்க்கும் சோதனையை, “எப்போதும் போடுவதுதானே” என்று வாடிக்கையாளரே வேண்டாம் என்பார். விடாதீர்கள். கறுப்புச் சாயங்களில் உள்ள பிபிடி என்ற பொருளுக்கு ஒவ்வாமை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பத்து வருடம் ஒத்துக்கொண்டவருக்கும் ஒரு நாள் முகம் வீங்கும்.

சிவப்பழகு தருவதாகச் சொல்லி லேபிள் இல்லாத டப்பாவில் வரும் கிரீமைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், பாதரசமும் இருக்கலாம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனதைப் பார்த்து வாடிக்கையாளர் உங்களைக் கொண்டாடுவார், மறுபடியும் கேட்பார், லாபமும் அதிகம் கிடைக்கும். நம்பி முகத்தைக் கொடுத்த பெண்ணுக்கு இதைச் செய்யக்கூடாது. ஊசி போடும் சிகிச்சையும் அப்படியே. அது தோல் மருத்துவரின் வேலை.

மூன்று மாதச் சான்றிதழோடு நேராகக் கடை திறப்பதும் அவசரம்தான். அரசு ஐடிஐகளில் அழகுக்கலைக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. எங்கே படித்தாலும், அதன் பிறகு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பார்லரில் ஒரு கல்யாண சீசன் முழுக்க வேலை பாருங்கள். நேரத்துக்கு முடிப்பது, கோபமாக வந்தவரிடம் பேசுவது, எந்தப் பொருள் எவ்வளவு தீர்கிறது என்பதெல்லாம் அங்கேதான் கைவரும். வேலைக்கு ஆள் வைத்தால் அவர்கள் உட்கார இருக்கை கொடுங்கள். 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாடிக்கையாளர்களின் பெயர், எண், ஒவ்வாமை விவரம் எல்லாம் உங்கள் நோட்டில் இருக்கட்டும். ஊழியரின் கைபேசியில் மட்டும் இருந்தால், அவர் வேலையை விடும் நாளில் அவையும் போய்விடும்.

திறந்த முதல் மாதத்திலேயே மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பணம் வாங்க ஆசை வரும். வாங்கலாம், ஒத்திகை பார்க்கச் சம்மதித்தால் மட்டும். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு அதே பொருட்களால் முழு ஒப்பனையும் செய்து, மூன்று நான்கு மணி நேரம் வியர்வையோடு நிலைக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தில் புது பேஷியல் எதையும் தொடங்காதீர்கள். முகூர்த்தம் காலை 6 மணிக்கு என்றால் நீங்கள் 2 மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். போய்வர வண்டி யாருடைய பொறுப்பு, உடன் வரும் உறவினர்களின் அலங்காரத்துக்குத் தனிக் கட்டணமா, நாள் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்பதையெல்லாம் ரசீதின் பின்புறம் எழுதி, பெண்ணின் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.