நிர்வாக சேவைப் பரீட்சைக்கு நடப்பு விவகாரங்களை மீட்டல் செய்யும் முறை

இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்குத் தமிழ் மொழிமூலம் தோற்றவிருக்கும் பலர் நடப்பு விவகாரங்களை நாள்தோறும் தவறாமல் வாசிக்கிறார்கள். வாசித்ததை மீட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு முறையை வைத்துக்கொள்பவர்கள் குறைவு. பரீட்சை நெருங்கும்போது அவர்கள் கையில் இருப்பவை கத்தரித்த பத்திரிகைத் துண்டுகளும், திகதி வரிசையில் நிரம்பிய கொப்பிகளும், வட்ஸ்அப் குழுக்களில் வந்து சேர்ந்த பிடிஎப் தொகுப்புகளும்தான். மார்ச்சில் எழுதிய வட்டி வீதம் ஒன்றாகவும் நவம்பரில் எழுதியது வேறொன்றாகவும் இருக்கும். எது இன்று நடைமுறையில் உள்ளது என்பதை அந்தக் கொப்பி சொல்லாது. ஆகவே நடப்பு விவகாரங்களை மீட்டும்போது முதல் வேலை, முன்பு எழுதி வைத்ததை இன்றைய நிலைக்குத் திருத்துவதுதான். திரும்பத் திரும்ப வாசிப்பது அதற்குப் பிறகு வர வேண்டியது.

தொடங்குமுன், பரீட்சை அறிவித்தல் வெளியான வர்த்தமானியை எடுத்துப் பாடத்திட்டப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அதனுடன் கடந்தகால வினாத்தாள்களையும் வைத்துப் பார்த்தால், எந்தத் தலைப்புகளில் நடப்புச் செய்தி கேட்கப்படுகிறது என்பது தெளிவாகும். அதற்கு வெளியே உள்ள செய்திகளை, அவை எவ்வளவு பரபரப்பானவையாக இருந்தாலும், கொப்பிக்குள் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, திகதி வரிசையைக் கலைத்துவிட்டு, ஒரு நிறுவனத்திற்கு, ஒரு சட்டத்திற்கு, அல்லது தொடர்ந்து மாறும் ஓர் எண்ணுக்கு ஒரு பக்கம் என்று கொப்பியை மாற்றி அமையுங்கள். மத்திய வங்கியின் கொள்கை வட்டி வீதத்திற்கான பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். பக்கத்தின் தலையில், 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் என்றும், அது 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் இடத்திற்கு வந்தது என்றும், பழைய நாணயச் சபையின் பணிகள் இப்போது ஆளும் சபைக்கும் நாணயக் கொள்கைச் சபைக்கும் பிரிக்கப்பட்டுள்ளன என்றும் மூன்று வரிகள். அதன் கீழ், 2024 நவம்பர் 27 முதல் துணைநில் வைப்பு வசதி வீதமும் (வங்கிகளின் ஓரிரவு வைப்புக்கு மத்திய வங்கி கொடுக்கும் வட்டி) துணைநில் கடன்வழங்கல் வசதி வீதமும் (வங்கிகளுக்குக் கொடுக்கும் ஓரிரவுக் கடனுக்கு அது அறவிடும் வட்டி) கொள்கை வீதங்களாக இருந்த நிலை மாறி, 8.00 சதவீத ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதம் அறிமுகமானது என்ற பதிவு. அடுத்த வரியில் 2025 மே மாதத்தில் அது 7.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பிறகு வரும் தீர்மானங்களுக்காகப் பக்கத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாக விடுங்கள். புதிய தீர்மானம் வரும்போது பழைய வரியை அழிக்காமல் அதன் கீழ் எழுதுங்கள். பரீட்சையில் தற்போதைய வீதத்தையும் கேட்கலாம், அது மாறி வந்த போக்கையும் கேட்கலாம்.

பெறுமதி சேர் வரி இதற்கு இன்னும் எளிய உதாரணம். 2019 டிசம்பரில் குறைக்கப்பட்டு 8 சதவீதம், 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்ற நான்கு எண்களையும் ஒரே வரியில் எழுதினால், வரிக்குறைப்பும் பொருளாதார நெருக்கடியும் சர்வதேச நாணய நிதியத்துடனான கடன் ஏற்பாடும் ஒரு கோவையாக நினைவில் நிற்கும். அந்த ஏற்பாட்டிற்கு நிதியத்தின் நிறைவேற்றுச் சபை 2023 மார்ச் 20 அன்று ஒப்புதல் அளித்தது என்பதை ஓரத்தில் குறித்துவிட்டால் போதும். அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு அறிவித்த தீர்வையும் இவ்வாறே: 2025 ஏப்ரலில் 44 சதவீதம், ஜூலையில் 30, ஆகஸ்டில் 20. இதில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு எந்த மாதத்து எண் தன்னிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். எனவே திகதி இல்லாத எண் எதையும் கொப்பியில் வைத்திருக்க வேண்டாம்.

திகதியோடு, எந்த அளவையால் எடுத்த எண் என்பதும் வேண்டும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 69.8 சதவீதம், அதே மாதத்திற்குத் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 73.7 சதவீதம். இரண்டும் சரியானவை, ஆனால் ஒன்றின் பெயரில் மற்றதை எழுதினால் விடை பிழைத்துவிடும். முதலில் வெளியாகும் எண் பின்னர் திருத்தப்படுவதும் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சுருக்கம் முதலில் 7.8 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டுப் பின்னர் 7.3 சதவீதமாகத் திருத்தப்பட்டது. பழைய எண்ணைத் தாங்கிய தொகுப்புகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் காரணத்தால், உங்கள் மீட்டல் நாட்காட்டியைத் தரவுகள் வெளியாகும் நாட்காட்டியோடு பொருத்திக்கொள்வது நல்லது. கொழும்பு விலைச் சுட்டெண் மாத இறுதியிலும் தேசிய விலைச் சுட்டெண் அடுத்த மாதம் 21ஆம் திகதியளவிலும் வெளியாகின்றன. காலாண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பீடுகள் மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் மாதங்களின் நடுப்பகுதியில் வருகின்றன. நாணயக் கொள்கை மீளாய்வு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நடக்கிறது. அந்தந்த நாட்களில் அந்தந்தப் பக்கத்தைத் திறந்து, புதிய எண்ணை எழுதுமுன் பழையதை மனத்திலிருந்து சொல்லிப் பாருங்கள். திருத்துவதும் மீட்டுவதும் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

அரசியல் செய்திகளுக்கு வேறொரு பழக்கம் தேவை. நிகழ்வு எந்த உறுப்புரையின் அல்லது எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று கேட்டுப் பதிலை எழுதாமல் எந்தப் பக்கத்தையும் மூட வேண்டாம். 2022 ஜூலை 20 அன்று பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தது என்பது செய்தி. அது அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரையின் கீழும் 1981ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் நடந்தது என்பதும், அதே வழியில் 1993 மே மாதத்தில் டி. பி. விஜேதுங்க தெரிவானார் என்பதும் பரீட்சைக்குரிய அறிவு. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டதைக் குறிக்கும்போதும், முதற்சுற்றில் எவரும் அரைவாசிக்கு மேல் பெறாததே காரணம் என்ற விதியைச் சேர்த்து எழுதுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி ஏற்படுத்திய அழிவைப் படித்தவர்கள், ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தையும் அது உருவாக்கிய அனர்த்த முகாமைத்துவத்திற்கான தேசிய பேரவையையும் அதே பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். நிர்வாக சேவைக்கு வருபவர் நாளை ஒரு பிரதேச செயலகத்தில் அமர்ந்து இந்தச் சட்டங்களைக் கொண்டே வேலை செய்யப் போகிறவர் என்பதால், இந்த இணைப்பை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு மூலங்கள் தொலைவில் இல்லை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், விகாரமகாதேவி பூங்காவிற்கு அருகில் கொழும்பு பொது நூலகமும் உள்ளன. வீரகேசரி, தினக்குரல், தினகரன் ஆகியவற்றில் ஒன்றை முழுமையாகவும் மற்றொன்றின் ஆசிரியர் தலையங்கத்தை மட்டும் ஒப்பிட்டும் வாசித்தால் அன்றாடத் தேவைக்குப் போதும். எண்களுக்கு மட்டும் பத்திரிகையை நம்பி நிற்க வேண்டாம். மத்திய வங்கியின் செய்தி வெளியீடுகளும் வருடாந்தப் பொருளாதார மீளாய்வும் தமிழிலும் கிடைக்கின்றன. கலைச்சொற்களை அங்கிருந்து எடுத்துப் பழகுவது விடை எழுதும்போது பெரிதும் உதவும்.

தமிழில் மிகுதியாகக் கிடைப்பவை தமிழ்நாட்டிலிருந்து வரும், இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்கான மாதாந்தத் தொகுப்புகள். ஐக்கிய நாடுகள் அமைப்புகள், காலநிலை மாநாடுகள், பிரிக்ஸ் போன்ற உலகப் போக்குகளுக்கு அவை நன்கு பயன்படும். உள்நாட்டுப் பகுதிகளை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தின் தலைமை நீதிமன்றம், இங்கே அதுவே நாட்டின் அதியுயர் நீதிமன்றம் என்பதால் குழப்பமும் நேரும்.

மீட்டும் நேரத்தில் கொப்பி மூடியே இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் தலைப்பை மட்டும் எழுதி, நினைவில் உள்ளதை முழுவதும் எழுதிவிட்டு, பிறகு திறந்து சிவப்புப் பேனையால் விடுபட்டதை நிரப்புங்கள். எழுதிய அன்றிரவு ஒருமுறை, ஒரு வாரத்தின் பின் ஒருமுறை, மாத இறுதியில் ஒருமுறை என்பது வேலைக்குச் செல்பவர்களாலும் கடைப்பிடிக்கக்கூடிய இடைவெளி. சிவப்பு மை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக் கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸில் போகும்போது பாருங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து படித்தால், ஒவ்வொருவரும் ஒரு துறையின் பக்கங்களைத் திருத்தும் பொறுப்பை எடுத்து, சனிக்கிழமைகளில் மற்றவர்களிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் பக்கத்தை அவரவர் தம் கையால் எழுத வேண்டும்.

பரீட்சைக்கு முந்தைய கடைசி மூன்று வாரங்களில் புதிய பக்கம் எதையும் தொடங்காதீர்கள். இருக்கும் பக்கங்களில் இருந்து நாளொன்றுக்கு இரண்டு தலைப்புகளைத் தெரிந்து, தற்போதைய நிலை, அதற்கு வழிவகுத்த சட்டம், மாற்றத்தின் காரணம், நிர்வாகத்தில் அதன் விளைவு ஆகிய நான்கும் அடங்கிய ஒரு பந்தியை நேரம் வைத்து எழுதுங்கள். எண்ணில் உறுதியில்லாத இடத்தில் போக்கை மட்டும் எழுதுங்கள்; பிழையான தசம எண்ணைவிட, வீதம் குறைக்கப்பட்டு வந்தது என்ற சரியான வாக்கியம் பாதுகாப்பானது.