கஷ்ட காலத்துல எழுதணும்னா எங்க ஆரம்பிக்குறது?

மனசு சரியில்லையா, எழுதிப் பாருன்னு எல்லாரும் ஈஸியா சொல்லிடுவாங்க. என்ன எழுதணும், எவ்ளோ நேரம் எழுதணும், எப்ப நிறுத்தணும்னு கேட்டா பதில் வராது. நாமளும் நோட்ட தொறந்து வச்சுட்டு "இதுல இருந்து நான் என்ன கத்துக்கிட்டேன்"னு முதல் வரியிலயே ஆரம்பிப்போம், பேனா அங்கயே நின்னுடும். அந்தக் கேள்விய இப்போதைக்கு ஓரமா வைங்க. அர்த்தம் வர்றதா இருந்தா பின்னாடி வரட்டும், முதல்ல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

நேரம் பெருசா தேவையில்ல. 1986-ல ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல காலேஜ் பசங்கள தினம் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள், தங்கள ரொம்ப பாதிச்ச விஷயத்த பத்தி எழுத வச்சாங்க. எழுதி முடிச்ச கையோட அவங்களுக்கு மனசு இன்னும் பாரமாதான் இருந்துச்சு (இத முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, இல்லனா முதல் நாளே மூடி வச்சுடுவீங்க). ஆனா நடந்ததையும் அதோட உணர்வையும் சேத்து எழுதுனவங்க, அடுத்த சில மாசத்துல காலேஜ் ஹெல்த் சென்டருக்கு போனது கம்மியா இருந்துச்சு. அதுக்காக இத பெரிய மருந்துன்னு நெனச்சுடாதீங்க, 2006-ல ஜோஆன் ஃப்ராட்டரோலின்னு ஒரு ஆய்வாளர் இந்த மாதிரி எழுதுறத பத்தின 146 ஆய்வுகள ஒன்னா சேத்து பாத்தப்ப பலன் இருக்கு, ஆனா சின்னதுதான்னு வந்துச்சு.

சரி, எப்படி எழுதுறது? வேலை போன ஒருத்தர எடுத்துக்குவோம். முதல் நாள் இப்படித்தான் வரும்: "என்ன தூக்கிட்டாங்க, நான் எதுக்கும் லாயக்கில்ல." இது தீர்ப்பு, இதுல சம்பவமே இல்ல. அடுத்த நாள் அந்த ரூமுக்குள்ள திரும்பப் போய் எழுதுங்க: "மேனேஜர் என் முகத்த பாக்கல, லேப்டாப்ப பாத்துட்டே பேசுனாரு, நான் 'சரி சார்'னு மட்டும் சொன்னேன், கை சில்லுன்னு இருந்துச்சு, வெளிய வந்து லிஃப்ட் பட்டன அமுக்கவே இல்ல, சும்மா நின்னுட்டு இருந்தேன்." மூணாவது நாள் "ஏன்", "அதனால" ரெண்டையும் உள்ள விடுங்க: "நான் ஏன் எதுவும் கேக்கல? கேட்டா அழுதுடுவேன்னு பயம், அவர் முன்னாடி அழக்கூடாதுன்னு இருந்தேன், அதனால பேசாம இருந்தேன்." லாயக்கில்லாதவன்னு எழுதுன அதே ஆள்தான், இப்ப பயந்துபோன, மானத்த காப்பாத்திக்க பாத்த ஒரு மனுஷனா தெரியுறாரு. பின்னாடி பென்னபேக்கர் குழு, ஆய்வுல கலந்துக்கிட்டவங்க எழுதுனதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தப்பவும், நாள் ஆக ஆக "ஏன்னா", "புரியுது" மாதிரி வார்த்தைகள் கூடிட்டே போனவங்களுக்குத்தான் பலன் அதிகமா இருந்துச்சு.

நாலாவது நாள் வேணும்னா "நான்"ன விட்டுட்டு "அவன்", "அவ"ன்னு எழுதிப் பாருங்க. இல்லனா மேனேஜர் பக்கத்துல இருந்து எழுதுங்க, அவர நியாயப்படுத்த சொல்லல, அவர் ஏன் முகத்த பாக்கலன்னு யோசிக்கத்தான். எழுத்துப்பிழை, இலக்கணம் எதையும் பாக்காதீங்க. எழுத ஒன்னும் இல்லனா எழுதுனதையே திரும்ப எழுதுங்க, டைம் முடியுற வரைக்கும் கைய நிறுத்தாதீங்க.

முக்கியமான எச்சரிக்கை ஒன்னு இருக்கு. 2013-ல டேவிட் ஸ்பாராவும் அவர் கூட இருந்தவங்களும், புதுசா கல்யாண வாழ்க்கை முறிஞ்சவங்கள வச்சு இதே மாதிரி செஞ்சாங்க. அதுல "ஏன் இப்படி ஆச்சு, இதுக்கு என்ன அர்த்தம்"னு ஏற்கனவே மண்டைய ஒடச்சுட்டு இருந்தவங்களுக்கு மனசுல உள்ளத கொட்டி எழுதுனது ஒத்து வரல, அதே மாதிரி ஆளுங்கள்ல தினசரி என்ன செஞ்சோம்னு சாதாரணமா எழுதுனவங்கதான் அவங்கள விட நல்லா இருந்தாங்க. அதனால நீங்க ராத்திரி பூரா ஒரே விஷயத்த சுத்திச்சுத்தி யோசிக்குற ஆளா இருந்தா, ஆழமா தோண்டாதீங்க. காலைல எந்திரிச்சேன், குளிச்சேன், யாருகிட்ட பேசுனேன்னு எழுதுங்க, எனக்கு தெரிஞ்சு அது சின்ன விஷயம் இல்ல.

அடி விழுந்த மறுநாளே உக்காராதீங்க, சில வாரம் போகட்டும். எழுதும்போது தாங்க முடியலன்னா நிறுத்திட்டு வேற விஷயத்த எழுதுங்க, இதுல வீரம் காட்ட ஒன்னுமில்ல. உயிர விட்டுடலாம்னு எண்ணம் வந்தா நோட்ட மூடிட்டு உடனே நம்பிக்கையான ஒருத்தருக்கு போன் போடுங்க, டாக்டர பாருங்க, எழுத்து அந்த இடத்துக்கு போதாது.

எழுதுனத யாருக்கும் காட்டணும்னு இல்ல. யாராவது படிப்பாங்கன்னு நெனச்சாலே கை பொய் எழுத ஆரம்பிச்சுடும், அதனால கிழிச்சுடப் போறோம்னு முடிவு பண்ணிட்டே எழுதுங்க. 4 நாள் முடிஞ்சு, கிழிக்க மனசு வரலன்னா வச்சுக்கோங்க.