செம்மறிப் பண்ணையில் தங்கச் செல்பவர்களுக்கு

ஆடு வளர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட செம்மறிப் பண்ணையில் தங்க விரும்புபவர், அறை வசதியை விசாரிக்கும் முன், தாம் செல்லும் நாட்களில் அங்கே எந்த வேலை நடக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ரோமம் கத்தரிக்கும் நாட்களில் பார்ப்பதற்கு நிறைய உண்டு. ஆனால் நனைந்த ஆட்டைக் கத்தரிக்க மாட்டார்கள் என்பதால், மழை பெய்தால் காத்திருக்க ஓரிரு நாள் கையில் இருப்பது நல்லது. குட்டி ஈனும் பருவத்தில் வீட்டார் இரவிலும் பட்டிக்கு எழுந்து போவார்கள். உபசரிப்பை எதிர்பார்ப்பவருக்கு அது ஏற்ற காலம் அன்று. ஈனும் ஆட்டின் நஞ்சுக்கொடியில் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் அப்பருவத்தை அறவே தவிர்க்க வேண்டும்.

வேறு பண்ணைக்குப் போய்வந்த காலணியைச் சேறு போகக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். ஆடுமாடுகளைத் தாக்கும் கோமாரி நோய் காலணியோடும் வரும். வேலிக் கதவுகள் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவிடுங்கள். திறந்து கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தில் மூடிய கதவு, மந்தைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியை அடைத்துவிடக்கூடும்.

மந்தையை ஓட்ட உதவும்போது, நிற்கும் இடமே முக்கியம். ஆட்டின் தோளுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் அது முன்னே நகரும். தோளுக்கு முன்னால் வந்து நின்றால் திரும்பிவிடும். ரோமத்தைப் பற்றி இழுத்தால் தோலுக்கடியில் இரத்தம் கட்டும். தாடைக்குக் கீழே கைகொடுத்துப் பிடிப்பதே முறை. கிடாவுக்கு முதுகைக் காட்டாதீர்கள். காவல் நாயைக் கொஞ்சப் போகாதீர்கள்.

ரோமம் அடர்ந்த ஆடோ நிறைசினை ஆடோ மல்லாந்து விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டு எழ முடியாமல் கிடப்பதைக் கண்டால், அது விளையாடுகிறது என்று படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இரைப்பையில் வாயு சேர்ந்து நுரையீரலை அழுத்த, சில மணி நேரத்தில் அது இறந்துவிடலாம். ஆட்டை ஒருக்களித்துப் புரட்டி, நிற்கச் செய்து, கால் நிலைக்கும்வரை இருபுறமும் பிடித்துக்கொள்ள வேண்டும். உடனே விட்டால் மறுபடியும் விழும். பிறகு உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

தாயற்ற குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னால், அதை மடியில் மல்லாத்தாமல், நின்றபடியே கழுத்தைச் சற்று உயர்த்திக் குடிக்க விட வேண்டும்; இல்லையேல் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.