சீரற்ற இடைவெளியில் வரும் அளவுகளும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பும்

ஒரு சென்சார் அனுப்பிய வாட் அளவுகளிலிருந்து ஒரு நாளின் மின் நுகர்வைக் கணக்கிட்டபோது, விடை எப்போதும் மீட்டர் காட்டியதைவிடக் கூடுதலாகவே வந்தது. அளவுகளின் சராசரியை 24 மணி நேரத்தால் பெருக்குவதே பழைய நிரலின் வழி. ஆனால் அந்த சென்சார், சுமை மாறும்போது அடிக்கடியும் மற்ற வேளைகளில் அரிதாகவும் அளவு அனுப்பியதால், மோட்டார் ஓடிய சில நிமிடங்கள் சராசரியில் அளவுக்கு மீறி இடம்பிடித்துக்கொண்டன. எனவே, அடுத்தடுத்த இரு அளவுகளின் சராசரியை அவற்றுக்கு இடைப்பட்ட நொடிகளால் பெருக்கிக் கூட்டும் சரிவக விதிக்கு (வளைகோட்டின் கீழுள்ள பரப்பைச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டும் முறை) மாறினேன்: 600 வாட், 800 வாட், இடையே 90 நொடி என்றால் 63,000 ஜூல். மொத்தத்தை 36,00,000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். (பாண்டாஸ் என்ற பைத்தான் தரவு நூலகத்தில் நேரத்தை முழு எண்ணாக்கினால் அது நானோநொடியாக வரக்கூடும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) இணைப்பு அறுந்த நேரத்தின் மேலும் இந்த விதி கூசாமல் கோடு இழுத்துவிடும் என்பதால், 10 நிமிடத்தைத் தாண்டிய இடைவெளிகளைக் கூட்டலில் சேர்க்காமல் தனியே குறித்துவைத்தேன்.