தட்சிணசித்ரா: ஊருக்குப் போகுமுன் ஒரு நாள்

மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டிலிருந்து சென்னையில் வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தி.நகரில் துணிமணி, உறவுக்காரர் வீடுகளில் சாப்பாடு, மாமல்லபுரம், அப்புறம் சொந்த ஊர். மாமல்லபுரம் போகும் வழியில் முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ராவை ‘நேரம் இருந்தால்’ என்று கடைசியில் சேர்த்திருப்பார்கள். நேரம் இருக்காது. இருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் யோசனை வேறு. இதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த நாளைச் சொந்த ஊருக்குப் போவதற்கு முன்னால் வையுங்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

இடம் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே, 10 ஏக்கர் நிலத்தில் தென்னிந்தியாவின் பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மாதிரிக்குக் கட்டிய பொம்மை வீடுகள் என்று நினைத்துவிட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை எங்கோ ஒரு ஊரில் மனிதர்கள் குடியிருந்து, கடைசியில் இடிக்கப்படும் நிலைக்கு வந்த வீடுகள். அவற்றை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், நிலை, ஓடு எனக் கழற்றி, லாரியில் ஏற்றி வந்து, அந்தந்த ஊர் முறை தெரிந்த கொத்தனார்களையும் தச்சர்களையும் வைத்துத் திரும்பவும் எழுப்பினார்கள். அமெரிக்காவில் பிறந்து சென்னைக்கு வந்து குடியேறிய டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன்தான் இதை நடத்துகிறது. தொடக்க வடிவமைப்பு கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. பிறகு அவருடைய வழியில் வந்த பென்னி குரியாகோஸ் தொடர்ந்தார். 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைப் பார்க்காமல் கார் பிடித்து வந்து பூட்டிய கேட்டைப் பார்ப்பவர்கள் உண்டு. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். குளிர்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு டிசம்பர் வெயில்கூட மதியம் உறைக்கும், குழந்தைகள் சுருண்டுவிடுவார்கள். வார இறுதியில் கலை நிகழ்ச்சிகள் கூடுதலாக இருக்கும், கூட்டமும் கூடுதலாக இருக்கும். வார நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். இரண்டில் எனக்குப் பின்னதே பிடிக்கும். அவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

கோவளம், மாமல்லபுரம் போகும் பேருந்துகள் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால், போக ஒரு கார், திரும்ப ஒரு கார் என்று செயலியை நம்பாதீர்கள். அந்தப் பக்கம் மாலையில் வண்டி கிடைப்பது லேசில்லை. நாள் வாடகைக்கு ஒரு காரை எடுத்து, வழியில் உத்தண்டி சுங்கச்சாவடிக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் எல்லாரும் செட்டிநாட்டு வீட்டை நோக்கித்தான் போவார்கள். அங்கேயே கூட்டமும் நிற்கும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, குயவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். மண் சுவர், குனிந்து நுழைய வேண்டிய வாசல், ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். அதைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் விவசாயி வீட்டுக்குள் நுழைந்தால், திண்ணையும் நடுமுற்றமும் நெல் சேமிக்க இடமும் எவ்வளவு பெரிய வசதி என்பது சொல்லாமலே விளங்கும். அடுத்து, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு. அங்கே தறிக்குப் போக மிச்ச இடத்தில்தான் மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் இந்த வீட்டில் பத்து நிமிடம் நிற்பது நல்லது. விலையைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடு, இருபுறமும் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு ரயில் பெட்டிபோல உள்ளே நீண்டு போகும். திண்ணை, ரேழி (வாசலை அடுத்த நடைபாதை), கூடம், முற்றம், கொல்லை என்று ஒவ்வொரு கட்டாக, அதாவது வீட்டின் ஒவ்வொரு பகுதியாக, பின்னால் போகலாம். யார் எந்தக் கட்டு வரை வரலாம் என்பதும் அந்த வரிசையிலேயே இருக்கிறது. இங்கே பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: இந்த வீடுகள் எந்த ஊரிலும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில்லை. குயவர் தெரு வேறு, அக்ரகாரம் வேறு, சேரி வேறு. ஒரு சாதிக்காரர் இன்னொரு தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அழகாகப் பெருக்கி வைத்த பூங்காவில் அந்தத் தூரம் தெரியாது. தெரியாமல் விட்டால், தாத்தா காலம் எல்லாம் கோலமும் ஊஞ்சலும்தான் என்று நினைத்துக்கொண்டு பிள்ளை விமானம் ஏறிவிடும்.

செட்டிநாட்டு வீட்டை மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய நகரத்தார் எனும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரின் பணம்தான் அந்தத் தூண்களாக நிற்கிறது. தேக்கும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததுதான். பிற்காலத்தில் வாரிசுகள் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பிரிந்து போனபோது, பராமரிக்க ஆளில்லாத எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன.

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. இது தென்னிந்திய மாநிலங்களுக்கான இடம். நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீடோ, கூரை போட்ட வாசலான சங்கடப்படலையோ இங்கே கிடையாது. ஆனால் கேரளப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். மரமும் ஓடும் தாழ்ந்த தாழ்வாரமும் பார்த்துவிட்டு, ‘எங்கட அம்மம்மா வீடு மாதிரி இருக்கு’ என்று சொல்பவர்கள் தமிழ்நாட்டுப் பகுதியைவிட அங்கேதான் அதிகம். ஆந்திரப் பகுதியில் வட்டமான ஒரு மண் குடிசை இருக்கிறது. கடலோரப் புயற்காற்று மோதாமல் சுற்றிப் போவதற்கான வடிவம் அது. சின்னதாக இருக்கிறது என்று பலரும் எட்டிப் பார்க்காமல் போகிறார்கள்.

வயதானவர்களை ஏன் கூட்டிப் போகச் சொன்னேன் என்றால், ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பலகையைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். உரலைப் பார்த்தால் அப்பத்தாவுக்குப் பேச்சு தானாக வரும். நீங்கள் கொஞ்சம் தூண்டிவிட்டால் போதும்: உங்கள் வீட்டில் நெல் எங்கே கொட்டி வைப்பீர்கள், பிரசவம் எந்த அறையில், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் எங்கே படுத்தார்கள், திண்ணையோடு நின்றவர்கள் யார். போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், வீடியோ வேண்டாம். கேமராவைக் கண்டால் அவர்கள் சேலையைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்கள். நடக்கத்தான் கொஞ்சம் சிரமம். படிகள் உண்டு, பழைய வீடுகளின் வாசற்படி உயரமாக இருக்கும். எல்லா வீட்டையும் அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. ஒரு திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளை மாற்றி மாற்றி அவர்களிடம் அனுப்புங்கள். உள்ளேயே உணவகம் இருப்பதால் சாப்பாட்டுக்கு வெளியே அலைய வேண்டாம்.

ஊருக்குப் போகுமுன் இங்கே வாருங்கள் என்பதற்கும் இதுவே காரணம். இங்கே முற்றத்தையும் ரேழியையும் பார்த்த பிள்ளை, ஊரில் பாதி இடிந்து கிடக்கும் பூர்வீக வீட்டுக்குப் போகும்போது ‘இது எந்தக் கட்டு?’ என்று கேட்கும். முதலில் ஊருக்குப் போனால் அதே பிள்ளை ‘வைஃபை இருக்கா?’ என்றுதான் கேட்கும்.

மண்பாண்டம் வனைவது, ஓலை முடைவது, பொம்மலாட்டம் ஆகியவை பிள்ளைகளைப் பிடித்து வைக்கும். சிலவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை செய்த பானை சுடாத பச்சை மண். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் ஆசையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

நுழைவுச் சீட்டு விஷயம். தட்சிணசித்ராவில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் அசலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். இது தனியார் அறக்கட்டளை நடத்தும் இடம் என்பதால் அரசு விதியைக் காட்டி வாதாடிப் பயனில்லை. மாமல்லபுரம் அப்படியில்லை, அது இந்தியத் தொல்லியல் துறையினுடையது. அங்கே இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு இந்தியர் கட்டணம்தான். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும், சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர் என்பதால், இந்தியர் கட்டணமே கட்டலாம். இது தெரியாமல் 600 ரூபாய் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமே இல்லை.

தட்சிணசித்ரா, மாமல்லபுரம் இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். முடியாது என்பதில்லை, ஆனால் இரண்டுமே அரைகுறையாகும். வேண்டுமானால் கோவளத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் மாமல்லபுரம் போங்கள்.

கைவினைக் கடையில் பை நிறைய வாங்குவதற்கு முன் எந்த நாட்டுக்குத் திரும்புகிறீர்கள் என்று யோசியுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஓலைக்கூடை, மரப்பொம்மை, விதை கோத்த மாலை எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள், மறைத்தால் அபராதம் பெரிது. பூச்சி அரித்த துளை இல்லாத பொருளாகப் பார்த்து வாங்குங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.