சின்னப் பிள்ளைகளோடு முதல் கார் பயணம்: எதை எப்படிச் செய்வது?

ஒரு வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எங்காவது காரில் போய்வரலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் முதல்முறை கிளம்பியபோது மேப் மூன்று மணி நேரம் என்றது. போய்ச் சேர ஐந்தரை ஆனது. தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, பெரியவர்கள் போகிற கணக்கை அவர்களுக்கும் போட்ட எங்கள் மேல்தான்.

படி 1: நேரக் கணக்கு

முதல் பயணத்துக்கு மேப்பில் இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று. அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று என்றால் நாலரை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், போகிற இடத்திலும் சொல்லிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். கைக்குழந்தையை சைல்டு சீட்டிலிருந்து (குழந்தைக்கென்றே காரில் மாட்டும் தனி சீட்) அதற்கும் முன்பே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் சாய்ந்த சீட்டில் தலை முன்னால் தொங்கிவிட்டால் அதற்கு மூச்சு விடவே கஷ்டமாகிவிடும்.

விடிவதற்குள் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். வருவார்கள்தான், ஆனால் ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வருமே! 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 28 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் அசந்தால் 80 மீட்டருக்கு மேல் யாருமே ஓட்டாத வண்டி. அதனால் நான் செய்வது இது: காலையில் சாப்பிட வைத்து, நன்றாக ஓடி விளையாட விட்டு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் கிளம்புவேன்.

படி 2: சைல்டு சீட்

இதை முந்தின நாள் சாயங்காலமே மாட்டிவிடுங்கள். கிளம்பும் அவசரத்தில் மாட்டினால் அரைகுறையாகத்தான் மாட்டுவோம். பிள்ளைகள் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். அதிலும் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிகிற வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் போய் அடிக்கும். சீட்டின் எடை, உயர வரம்பு அனுமதிக்கிற வரைக்கும் குழந்தை பின்பக்கம் பார்த்தே வரட்டும். கால் மடங்குகிறதே என்று கவலைப்படாதீர்கள்.

மாட்டி முடித்ததும் இரண்டு சோதனை. பெல்ட் நுழைகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. அப்புறம் குழந்தையை உட்கார வைத்து, தோள் பக்கத்து வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். வார் மடிந்து கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும் என்று அர்த்தம். தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். ஸ்வெட்டரைக் கழற்றி வாரை இறுக்கிவிட்டு மேலே போர்த்திவிடுங்கள்.

படி 3: வண்டி

டயரில் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி சைல்டு லாக்கைப் போடுங்கள். அவ்வளவுதான்.

படி 4: கைக்கெட்டும் பை

பெரிய பெட்டிகள் டிக்கியில் போகட்டும். வழியில் தேவைப்படுவதெல்லாம் ஒரே பையில், கால்மாட்டில் இருக்க வேண்டும். அதற்குள் பிள்ளைக்கு ஒன்றாக ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர்கள்: ஒரு முழு செட் உடை, ஒரு சின்னத் துண்டு, வெட் வைப்ஸ், காலியாக இன்னொரு கவர். சட்டை, பேன்ட் என்று தனித்தனியாக அடுக்கினால் அவசரத்துக்குத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் ஒரு சட்டை வையுங்கள். நான் வைக்கவில்லை. தோளில் புளித்த பால் வாடையோடு மீதி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போனேன்.

படி 5: வாந்தி

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்று சொல்கிறது, புத்தகத்திலோ போனிலோ பதிந்த கண் 'இல்லை, சும்மாதான் இருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாக வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இது அதிகம். அதனால் வளைவுப் பாதையில் போனைக் கொடுக்காதீர்கள், தூரத்தில் இருப்பதைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். வயிறு முட்டவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். மாத்திரை, சிரப் எல்லாம் டாக்டரிடம் கேட்டுத்தான்.

அறிகுறி முன்கூட்டியே தெரியும். எங்கள் பெரியவன் வாய் ஓயாமல் பேசுகிறவன். அவன் திடீரென்று அமைதியாகி, கொட்டாவி விட்டு, உதடு வெளுத்தால் எங்களுக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் அறிகுறி எது என்று கவனித்து வையுங்கள்.

படி 6: தின்பது

ஓடும் வண்டியில் முழுப் பருப்புகள், கெட்டி மிட்டாய், வெட்டாத திராட்சை எதுவும் வேண்டாம். தொண்டையில் அடைத்தால் ஓட்டுகிறவருக்குச் சத்தமே கேட்காது. மற்றதையும் நின்றபிறகு, உட்கார வைத்துக் கொடுங்கள்.

படி 7: நிறுத்தும்போது

"ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்காதீர்கள், "வரல" என்றுதான் பதில் வரும், பத்தாவது நிமிடம் கத்துவார்கள். கேட்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் வண்டிகள் வராத இடமாகப் பார்த்துக் கால் மணி நேரம் ஓட விடுங்கள்.

தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் வண்டிக்குள் விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும்.

படி 8: சண்டை

பொம்மைகளை மொத்தமாகக் கொடுக்காமல் மணிக்கு ஒன்றாக எடுங்கள். அதற்கும் மசியாமல் இருவரும் சேர்ந்து அழ ஆரம்பித்தால், ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்து அதட்ட வேண்டாம். நிறுத்தத் தோதான இடம் வரும்வரை அழட்டும், நிறுத்திவிட்டுப் பேசிக்கொள்ளலாம்.

திரும்பி வந்த அன்றைக்கு எவ்வளவு அசதியாக இருந்தாலும் சைல்டு சீட்டைத் தூக்கி அடியில் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள். எங்களுக்கு அங்கே பாதி பாலோடு ஒரு பாட்டில் கிடைத்தது, நாலு நாள் கழித்து.