வாசலில் கார் ஏறும் சாய்தளம்: சென்னை மாநகராட்சியிடம் அனுமதி வாங்குவது எப்படி?

சென்னையில் கார் வாங்குகிறவர்கள் முதலில் ஷோரூமுக்குப் போகிறார்கள், அப்புறம் கொத்தனாரைத் தேடுகிறார்கள். நாலு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் ஜல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், கேட்டுக்கு வெளியே ராம்ப் தயார். வடிகால் தூர்வார ஜேசிபி வந்து அதைப் பெயர்த்துப் போடும்போதுதான் “இதுக்கு பர்மிஷன் வாங்கணுமாமே” என்ற பேச்சு எழும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். பட்டாவில் உள்ள எல்லையோடு உங்கள் இடம் முடிகிறது. நடைபாதை, அதன் கீழே ஓடும் மழைநீர் வடிகால், அதைத் தாண்டிய தார்ச்சாலை எல்லாம் பொதுச்சொத்து. அதனால் வெளியே ராம்ப் கட்டிக்கொள்கிறேன் என்று போய் நிற்காதீர்கள். வடிகாலைக் கடந்து வண்டி உள்ளே போக வழி வேண்டும் என்று கேளுங்கள். சரிவு முழுக்கக் காம்பவுண்டுக்குள் இருந்தால் மறுக்கக் காரணம் குறைவு.

படி 1: சாலை யாருடையது?

உட்புறத் தெருக்களை அந்தந்த மண்டல அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. பேருந்து ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை உண்டு. அண்ணா சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறையின் கையில். சந்தேகம் இருந்தால் மாநகராட்சியின் உதவி எண் 1913-க்கு அழைத்து, தெருப் பெயரைச் சொல்லி, எந்த வார்டு, எந்த மண்டலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறான மேசையில் கொடுத்த மனு அங்கேயே தூங்கும்.

படி 2: டேப்பும் டியூப் லெவலும்

எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூபை வைத்து, சாலை மட்டத்துக்கும் கார் நிற்கும் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடி ஏற எட்டு அடி நீளம் என்பது காருக்குச் சௌகரியமான சரிவு. அப்படியானால் 12 அடி வேண்டும். கேட்டுக்கும் கார் நிற்கும் தரைக்கும் நடுவே உங்களுக்கு இருப்பதோ 5 அடி. மிச்சம் 7 அடிதான் ஊரெல்லாம் நடைபாதையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு வழி, வீட்டின் மட்டத்தைத் தொடாமல் கார் நிற்கும் தரையை மட்டும் இறக்குவது. மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வருமே என்பார்கள். நியாயமான பயம். கேட்டுக்கு உட்புறம் சாலை மட்டத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி ஒரு சின்ன மேடு கொடுத்து, அதற்குப் பின்னால் கம்பி வலை போட்ட குறுக்குக் கால்வாய் வைத்தால் பெரும்பாலான மழைக்குத் தாங்கும். வேளச்சேரி, மடிப்பாக்கம் மாதிரி தாழ்வான பகுதி என்றால் இதை நம்பித் தரையை இறக்க வேண்டாம். இறக்கும் அளவைக் குறைத்து, கார் நிற்கும் இடத்தை உள்ளே தள்ளி, சரிவுக்கு நீளம் தேடுங்கள்.

தரையைத் தோண்டுவதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் மழைநீர் சேகரிப்புத் தொட்டியும் கழிவுநீர் சேம்பரும் பெரும்பாலும் இந்த முன்பக்க இடத்தில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம், அதை மூடிவிட முடியாது. மேலே கார் ஏறுவதால் பழைய மூடிக்குப் பதில் கனமான மூடி போட வேண்டியிருக்கும். கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி கேட்டுக்கு வெளியே வாருங்கள். வடிகால் சுவரில் சாலைப் பக்கம் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். தெருத் தண்ணீர் உள்ளே இறங்குவது அவற்றின் வழியாகத்தான். இடையிடையே வண்டல் எடுக்கும் மூடிகளும் இருக்கும். உங்கள் வாசலுக்கு நேரே துளையோ மூடியோ இருந்தால் படம் எடுத்து, கேட்டிலிருந்து எத்தனை அடி என்று குறித்துவையுங்கள். ராம்ப் போட்டு இவற்றை அடைத்தால் முதலில் தண்ணீர் நிற்பது பக்கத்து வீட்டு வாசலில்.

நடைபாதை இருக்கும் தெருவாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. சாலைகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் ஐஆர்சி 103 வழிகாட்டியும் நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்கிறது. வாசல் வந்தாலும் நடைபாதை மட்டம் மாறாமல் போக வேண்டும், ஏறி இறங்க வேண்டியது கார்தான். அதனால் வாசலுக்காக நடைபாதையை வெட்டிப் பள்ளமாக்கக் கேட்காதீர்கள். சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏற ஓரத்தில் மட்டும் குட்டையான சரிவு கேளுங்கள், மனுவில் அதைத் தனியாக எழுதுங்கள். கார் நிற்கும் தரைக்கு ஏறும் சரிவு அப்போதும் காம்பவுண்டுக்குள்தான்.

படி 3: குறுக்கே நிற்பவை

மின்கம்பமோ பில்லர் பாக்ஸோ (தெருவோர மின்விநியோகப் பெட்டி) வழியில் இருந்தால், அதை நகர்த்த மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்து, மதிப்பீட்டுத் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் கோடாரி எடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால் கேட்டையே இரண்டடி தள்ளி வைப்பது மேல், நிழலும் மிஞ்சும்.

படி 4: மனு

வார்டு உதவிப் பொறியாளருக்கு, மண்டல அலுவலர் வழியாக எழுதுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். இந்த அளவு போதும்:

“மேற்கண்ட முகவரியில் உள்ள எனது வீட்டுக்குக் கார் சென்று வர 10 அடி அகலத்தில் நுழைவழி தேவைப்படுகிறது. கார் நிற்கும் தரைக்கு ஏறும் சரிவு முழுவதும் எனது மனை எல்லைக்குள் அமையும். மழைநீர் வடிகாலின் நீர் இறங்கும் துளைகளும் வண்டல் மூடிகளும் மறைக்கப்படாது. வடிகால் மூடுபலகை வாகன எடையைத் தாங்குமா என்பதை ஆய்வு செய்து, அனுமதியும் நிபந்தனைகளும் எழுத்துமூலம் வழங்க வேண்டுகிறேன்.”

கூடவே பட்டா அல்லது டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல், கடைசியாகக் கட்டிய சொத்துவரி ரசீது, படங்கள், அளவு குறித்த கைவரைபடம். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் எது கேட்டாலும் ரசீதோடுதான். யாராவது பழைய 1919-ஆம் வருட மாநகராட்சிச் சட்டப் பிரிவைச் சொல்லி மிரட்டினால் பதறாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்.

பதிலே வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு “என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் பதில் வருவதற்கு முன் ஆளே வந்துவிடுவார்.

படி 5: பொறியாளர் வரும் நாள்

நீங்களோ விஷயம் தெரிந்த ஒருவரோ வீட்டில் இருங்கள். சாலை மட்டத்தையும் கேட் மட்டத்தையும் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால் பேச்சு சுருங்கும். கேட் உள்பக்கம் திறக்கட்டும், அல்லது ஓரமாகத் தள்ளுகிற மாதிரி இருக்கட்டும். மூடுபலகையை மாற்றச் சொன்னால், அதை யார் மாற்றுவது, செலவு யாருடையது என்பதையும் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை அடுத்த பொறியாளர் மாறுதலாகி வந்ததும் காற்றோடு போய்விடும்.

படி 6: வேலை

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலை வெட்டுக்கு மாநகராட்சி தடை போடுவது வழக்கம். ஆகவே தை முதல் ஆடிக்குள் முடிப்பதுபோல் திட்டமிடுங்கள். ஜல்லியையும் மணலையும் வடிகால் மேல் கொட்டவிடாதீர்கள்.

உங்கள் தெருவில் புதிதாக வடிகால் கட்டும் வேலை நடக்கிறதா? அதைவிட நல்ல சமயம் கிடையாது. மணலி, மாதவரம், அம்பத்தூர் பக்கம் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தில் அப்படி நிறையத் தெருக்களில் வேலை நடந்தது. கான்கிரீட் போடுவதற்கு முன்பே உதவிப் பொறியாளரைப் பார்த்து உங்கள் கேட் அகலத்தையும் மட்டத்தையும் கொடுத்துவிட்டால், வாசலுக்கு நேரே தாங்குகிற பலகை போடச் சொல்லிக் கேட்கலாம். கட்டி முடித்த பிறகு கேட்டால் மறுபடி உடைக்க வேண்டும்.

அனுமதிக் கடிதத்தின் நகலைச் சொத்துவரி ரசீதோடு சேர்த்து வையுங்கள். தெருவுக்குப் புதுச் சாலை போட வரும்போது அதைக் காட்டி, பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். சுரண்டாமல் மேலேயே போட்டால் சாலை உயர்ந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த மட்டம் பள்ளமாகிவிடும். கேட்காவிட்டால் 1913.